கல்வி: கழித்தல் இரண்டு

15 ஜூன் 2025, ஞாயிறு

இன்று கடைக்குப் போலீஸ் வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே நாலு பேர் உட்கார்ந்து பகடை உருட்டினால் வராமல் என்ன செய்யும்? கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார். "இன்னா, சூதாட்டமா? பொம்பளப் புள்ளைங்க வேற?"

காசு வைத்து ஆடவில்லை, இது கதை விளையாட்டு என்றேன். ஆளுக்கு ஒரு வேடம், அந்த வேடத்தின் பலமும் பலவீனமும் எழுதிய ஓர் ஆள்தாள். உலகத்தை நான் சொல்வேன், தன் ஆள் என்ன செய்கிறான் என்பதை அவரவர் சொல்வார்கள், செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். சூனியக்காரி உண்டு, பறக்கும் எருமை உண்டு, மேசைக்கு மேலே ஒன்றும் நடக்காது, எல்லாம் வாயால்தான். பத்து நிமிடம் விளக்கினேன். அவர் கண் என் காலைத் தாங்கும் இரும்புக் கேலிபரிலேயே நின்றது. "சரி சரி, பாவம், வெளையாடுங்க."

அவர் போனதும் வெற்றிவேல், "ணா, அந்தாளுக்கு ஒரு ஆள்தாள் குடுத்திருக்கலாம், வாரா வாரம் வந்திருப்பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வயதில், சொந்த டி.டி.பி. கடையில், நானே உருவாக்கிய விளையாட்டை நடத்த எனக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் போகிறார்.

22 ஜூன், ஞாயிறு

பச்சையம்மாள் வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் கல்வராயன் மலை, வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். இங்கே வடக்கனந்தலில் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறார். ருக்ஷானாதான் அழைத்து வந்தாள்.

இன்று ஆட்டத்தை நிறுத்தி, "சார், ஒண்ணு கேக்கலாமா? கெணத்துலருந்து மேல ஏற பத்து விழணும்னு வெச்சிருக்கீங்க. ரெண்டு பகடைல பத்தோ அதுக்கு மேலயோ ஆறுல ஒரு வாட்டிதான் விழும்" என்றார்.

நான் பாதிக்குப் பாதி விழும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக இந்த மேசையில் ஏறியவன் எல்லாம் கிணற்றுக்குள் விழுந்துகொண்டே இருந்ததன் ரகசியம் இதுதான். வெற்றிவேல் மேசையைத் தட்டிச் சிரித்தான்: "மூணு ஆளு செத்தான்ணா என்னுது! கணக்குத் தெரியாத சாமிகிட்ட மாட்டிக்கினு!"

பச்சையம்மாள் ஒரு தாளில் முப்பத்தாறு கட்டம் போட்டு எனக்குக் காட்டினார். அந்தத் தாளை வைத்து என் விளையாட்டான ஏழுமுகடு முழுவதையும் திருத்த வேண்டும். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

29 ஜூன்

திருத்திவிட்டேன். இப்போதுதான் ஆட்டம் ஆட்டமாக இருக்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தை இன்று எழுதி முடித்தேன். இரண்டே சட்டம்.

ஒன்று: உடம்பைக் காட்டி யாருடைய பகடை எண்ணிலும் கழித்தல் போடக் கூடாது. ஏழுமுகட்டில் தவழ்கிறவனும் தளபதி ஆகலாம், கண் தெரியாதவனும் வில் எடுக்கலாம்.

இரண்டு: நிறுத்து அட்டை. மேசை நடுவில் சிவப்பு அட்டை இருக்கும். கதை எங்கேயாவது யாரையாவது குத்தினால் அதைத் தொடலாம். தொட்டதும் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

இதை எழுத எனக்கு உரிமை உண்டு. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கபடி ஆடியபோது எட்டு வருடம் மரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதியவன் நான். யாரையும் வெளியே உட்கார வைக்காத ஒரு மேசையைப் போட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. கண் தெரியாத வெற்றிவேலுக்காக ருக்ஷானா பகடைப் புள்ளிகள் மேல் நெயில் பாலிஷைச் சொட்டு சொட்டாக விட்டுக் காய வைத்திருக்கிறாள். அவன் விரலால் தடவி எண் சொல்கிறான். ருக்ஷானா வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருகிறாள். அவள் அப்பா கவுஸ் பாஷா பாய் தன் ஹார்டுவேர் கடையிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் "புள்ள நல்லாக் கத்துக்குதா தம்பி?" என்று கேட்கிறார். கற்றுக்கொள்கிறாள்தான். இப்போது அவள் பிழை திருத்தினால் என் கண்ணுக்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

20 ஜூலை, ஞாயிறு

சென்னையிலிருந்து போன். சுபஸ்ரீ என்று ஒரு பெண், சின்னப் பதிப்பகம். ஏழுமுகடு மாதிரிப் பக்கங்களைப் படித்தாராம். தமிழில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லையாம். அக்டோபருக்குள் புத்தகம்!

குறிப்பாக மலையார் பகுதி பிடித்திருந்ததாம். "ரொம்ப மண்வாசனை" என்றார்.

ஏழுமுகட்டில் நாலு குடி. சமவெளியார், கடலோடிகள், கொல்லர், மலையார். ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டல், ஒரு கழித்தல், ஒரு தனித்திறன். மலையாரைத்தான் நான் ஆசை ஆசையாக எழுதினேன்.

27 ஜூலை

அடுத்த வாரம் புதுக் கதை. ஆளுக்குப் புதுத் தாள். பச்சையம்மாள் இதுவரை கடலோடியாகவே ஆடிவிட்டார். அவருக்கு மலையார் தாளை நானே தனியாக, நல்ல அட்டையில், ஓரத்தில் மூங்கில் படம் போட்டு அடித்திருக்கிறேன். ஒரு மரியாதைக்கு.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு என் வசதிக்கு மாற்றிக்கொள்வேன்.

தாளைக் கொடுத்தேன். "உங்க ஊர்க் குடிங்க. உங்களுக்குன்னே அடிச்சது." பச்சையம்மாள் வாங்கிப் படித்தார். மலையார். காடறிவு: கூட்டல் மூன்று. கல்வி: கழித்தல் இரண்டு. தனித்திறன்: ஊறல். காயம் ஆற்றும் மது வடிக்கத் தெரிந்தவர்கள்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டாவது காட்சியிலேயே வெற்றிவேலின் ஆளுக்கு வெட்டுக்காயம். நான் குரலை மாற்றி, புகை மணக்கும் பள்ளம், புதைத்த பானை, மூடியைத் திறந்தால் ஊறல் நுரைக்கிறது என்று வர்ணித்துக்கொண்டே போனேன். நன்றாகத்தான் சொன்னேன். "பச்சையம்மா, இது உங்க வேலை, வடிங்க" என்றேன்.

அவர் கையை நீட்டிச் சிவப்பு அட்டையைத் தொட்டார்.

நான் நிறுத்தியிருக்க வேண்டும். "ஏன்?" என்றேன். என் வாயால். சிரித்துக்கொண்டு வேறு.

ருக்ஷானா "ணா" என்றாள். நான் கேட்கவில்லை. "இல்ல, சொல்லட்டும். நல்லாத்தான போய்க்கினு இருந்துச்சி?"

பச்சையம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "போன வருசம் கள்ளக்குறிச்சில கள்ளச்சாராயத்துல அத்தினி பேரு செத்தாங்க சார். அதுலருந்து எந்த ஊருன்னு கேட்டு நான் மலைன்னு சொன்னா, அடுத்த வார்த்தை சாராயம்தான். வாடகைக்கு ரூம்பு கேட்டாலும் அதான், பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்களும் அதான். இங்க மட்டும் நான் கடல்ல கப்பல் ஓட்டிக்கினு இருந்தேன். அதுலருந்து எறக்கி உட்டுட்டீங்க."

நான் சொன்னேன்: இந்த ஊறல் உயிரைக் காப்பாற்றும் ஊறல், இது புகழ்ச்சி. கழித்தல் சும்மா ஒரு சமநிலைக்கு, எல்லாக் குடிக்கும் ஒன்று உண்டு.

"முதல் பக்கத்துல உடம்புக்குக் கழித்தல் கெடையாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உங்களுக்கு நடை கழித்தல் ரெண்டுன்னு யாராச்சும் போட்டா உட்டுடுவீங்களா? எங்களுக்கு மட்டும் மூளைல போடலாமா?"

தாளை மடிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். மூங்கில் படம் மேலே பார்த்தபடி கிடந்தது.

4 ஆகஸ்ட்

தூக்கம் இல்லை. காலையில் கல்யாணப் பத்திரிகை புரூஃபில் மாப்பிள்ளை பெயரையே விட்டுவிட்டேன்.

பேச்சுல என் காலை இழுத்தாளே! எப்படி இழுக்கலாம்? நான் இன்னா அவங்க ஊர்ல போயி அடிச்சனா? மூணு வருசம் கண்ணு நோவ உக்காந்து எழுதினது. ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லுக்கு இத்தினி பேச்சா? யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னு வூட்ல திட்டு வாங்கிக்கினு ஞாயித்துக்கிழம கடையத் தெறந்தவன் நானு. ஒதுக்கறதுன்னா இன்னான்னு எனக்குச் சொல்லித் தரணுமா—

போகட்டும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

அவர் வரவில்லை. மூன்று பேர் உட்கார்ந்தோம். வெற்றிவேல் வழக்கம்போல் கிண்டல் செய்யவில்லை. பகடையை விரலால் தடவிக்கொண்டே, "ணா, ஒரு போன் போட்டு தப்புன்னு சொல்லிடேன்" என்றான். பார்க்கலாம் என்றேன்.

போன் கையில்தான் இருந்தது. மன்னிப்பு என்ற சொல் எழுத்தில் எளிது. அச்சில் ஆயிரம் முறை அடித்துக் கொடுத்திருக்கிறேன், "பிழை இருப்பின் மன்னிக்கவும்" என்று.

31 ஆகஸ்ட்

மலையார் பக்கத்தைத் திறந்தேன். கழித்தலை எடுத்தால் கூட்டலையும் எடுக்க வேண்டும். இரண்டையும் எடுத்தால் மற்ற மூன்று குடியும் கேள்விக்குள்ளாகும். கொல்லர் ஏன் முரடர், கடலோடி ஏன் பொய்யன்? எல்லாம் நான் யாரிடமோ கேட்டு நம்பியவை. மொத்தப் புத்தகத்தையும் பிரித்துப் போட வேண்டும். அக்டோபருக்குள் முடியாது.

மூடிவிட்டேன்.

9 செப்டம்பர்

சுபஸ்ரீ போன் செய்தார். "ஒரே ஒரு சந்தேகம். மலையார் பகுதியை மலையிலிருந்து யாராவது படிச்சுப் பார்த்தாங்களா? இப்போ இதெல்லாம் கேட்பாங்க."

"பார்த்திருக்காங்க" என்றேன். பொய் இல்லை. படித்தார்தானே.

"பேர் போடலாமா?"

"போடலாம்."

இதை எழுதும்போதே கூசுகிறது. நன்றிப் பக்கத்தில்: 'மலையார் பகுதியைப் பார்வையிட்டு உதவிய கல்வராயன் மலை ஆசிரியை பச்சையம்மாள் அவர்களுக்கு.' மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். பகடைக் கணக்கை அவர்தான் போட்டார். நன்றி சொல்வது தப்பா?

21 செப்டம்பர், ஞாயிறு

ருக்ஷானா கடைசி புரூஃப் பார்த்தாள். நன்றிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை மூடினாள்.

"இதுக்கு அவங்க ஒத்துக்கினாங்களா?"

நான் அடுத்த தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

"அவங்க வேணாம்னு எந்திரிச்சிப் போனது மலையார் பக்கத்தாலதான? அதே பக்கத்துக்கு அவங்க பேரையே காவலுக்கு நிக்க வெக்கிறீங்களா? எடுத்துடுங்கண்ணா."

"அந்தப் பக்கம் இருக்கற பாரம் அச்சுக்குப் போயிடுச்சி ருக்ஷானா" என்றேன்.

போகவில்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. ஒரு மெயில் போதும். நான் அனுப்பப் போவதில்லை. பெயரை எடுத்தால் சுபஸ்ரீ ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் பக்கமே போகும், பக்கம் போனால் புத்தகம் போகும் என்று பயப்படுகிறேன்.

இந்த நோட்டில் மட்டும்தான் இதை ஒப்புக்கொள்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

18 அக்டோபர்

புத்தகம் வந்தது. இருபது பிரதி. நூற்று நாற்பது பக்கம். அட்டையில் என் பெயர். முகர்ந்து பார்த்தேன்.

அம்மா வாங்கிப் புரட்டிவிட்டு, "நல்லா இருக்குடா, இதுல சாமி படம் ஒண்ணு போட்டிருக்கலாம்" என்றாள்.

கொண்டாட ஆள் இல்லை. ருக்ஷானா போன வாரமும் வரவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

விற்கிறதாம். ஒரு பத்திரிகையில் நாலு பத்தி எழுதியிருக்கிறார்கள். 'மலைவாழ் மக்களில் ஒருவரே மேற்பார்வையிட்டதால் சித்திரிப்பில் உண்மை துலங்குகிறது' என்று ஒரு வரி. அதைத்தான் எல்லோரும் எடுத்து எடுத்துப் பகிர்கிறார்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து கல்லூரிப் பையன்கள் ஆடும் வீடியோ ஒன்றை எனக்கே அனுப்பியிருந்தார்கள், ஆசையாக. நாலு பேரும் மலையாராக வர வேண்டும் என்று சண்டை. கிடைத்தவன் எழுந்து தள்ளாடிக் காட்டுகிறான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கல்விக்குப் பகடை போடும்போது அவன் வாயைத் திறந்துகொண்டு அசட்டு முழி முழிக்கிறான்.

அவர்கள் என் விதியை மீறவில்லை. நான் எழுதியபடியேதான் ஆடினார்கள்.

இரண்டு முறை பார்த்தேன். பிறகு "மிக்க நன்றி தம்பிகளா" என்று பதில் போட்டேன். போட்டேன், ஆமாம்.

23 நவம்பர், ஞாயிறு

வெற்றிவேல் வந்தான். உட்காரவில்லை.

"டீச்சர் ஸ்கூல்ல ஒம்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தன் ஒன் புக்க எடுத்தாந்துட்டான். அந்த நன்றியப் படிச்சிட்டு, இப்ப அவங்க போர்டு பக்கம் திரும்பினா 'ஊறல் மிஸ்'ன்னு பின்னாலருந்து சத்தம் வருதாம். எச்.எம். கூப்ட்டு, இதெல்லாம் நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களான்னு கேட்டிருக்காரு."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"இல்லன்னாங்க. யாரு நம்புறா? அச்சுல இருக்குதே." பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினான். "அச்சுக்குப் போயிடுச்சின்னு ருக்ஷானாகிட்ட சொன்னியாமே. நெசமா?"

கண் தெரியாதவனிடம் பொய் சொல்வது சுலபம் என்று யார் சொன்னது? என் மூச்சிலேயே பிடித்துவிட்டான்.

"எனக்குப் பகடைல புள்ளி வெச்சப்போ, நம்மள மனுசனா நெனைக்க ஒரு ஆளு இருக்குதுன்னு வடக்கனந்தல் முழுக்கச் சொல்லிக்கினு திரிஞ்சேண்ணா" என்றான். தடவிப் பார்த்து ஷட்டரைத் தாண்டிப் போனான். கைகொடுக்க எழுந்தேன். வேண்டாம் என்றான்.

24 நவம்பர்

பச்சையம்மாளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

21 டிசம்பர், ஞாயிறு

நான் மட்டும்.

28 டிசம்பர், ஞாயிறு

பச்சையம்மாள் அரையாண்டோடு பள்ளியை விட்டுவிட்டார். கவுஸ் பாஷா பாய் சொன்னார். ஹாஸ்டல் சாமான்களை ஏற்றிப் போன வண்டி அவருடைய கடை வண்டிதானாம். மலையிலேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. "நல்ல புள்ள தம்பி. நம்ம ஊருக்குத்தான் குடுத்து வெக்கல" என்றார். ஏன் போனார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

11 ஜனவரி 2026, ஞாயிறு

சுபஸ்ரீ இரண்டாம் பதிப்புக்குக் கேட்கிறார். மூன்று நாளாக உட்கார்ந்து, நாலு குடியையும் எடுத்துவிட்டு, கூட்டலும் கழித்தலும் ஆளுக்கு ஆள் அவரவர் விருப்பப்படி என்று மாற்றி எழுதி அனுப்பினேன். மூன்றே நாள். அக்டோபருக்குள் முடியாது என்று ஆகஸ்டில் எழுதியவனும் நான்தான். நன்றிப் பக்கத்தில் பெயரையும் எடுத்துவிட்டேன். நடந்ததையும் சொன்னேன், முழுசாக.

18 ஜனவரி

பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருக்கிறார். வாங்குகிறவர்கள் மலையாருக்காகத்தான் வாங்குகிறார்களாம். குடிகள் இல்லாமல் இரண்டாம் பதிப்பு சரிவராது என்கிறார்.

சரி, வேண்டாம் என்று எழுதினேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. விற்ற புத்தகம் விற்றதுதான், எத்தனை மேசையில் இன்று தள்ளாடிக்கொண்டிருக்கிறார்களோ.

8 பிப்ரவரி, ஞாயிறு

ருக்ஷானா ஒரு பிரிண்ட் எடுக்க வந்தாள். வேறு கடை எல்லாம் மூடியிருந்ததால் வந்தாள், என்னைப் பார்க்க அல்ல. கேட்காமலேயே சொன்னாள். பச்சையம்மாள் மலையில் ஞாயிறுதோறும் ஒரு மேசை நடத்துகிறார். விதிகள் எல்லாம் அவரே எழுதியவை. வெற்றிவேல் கச்சிராயபாளையம் போய் மலை பஸ் பிடித்து வாராவாரம் போகிறான். இவளும் இரண்டு முறை போயிருக்கிறாள், இந்தத் தடவை வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு.

"நல்லா இருக்குதா?" என்றேன்.

"நல்லா இருக்குதுண்ணா." அவ்வளவுதான். இன்னும் 'ண்ணா' இருக்கிறது.

15 பிப்ரவரி, ஞாயிறு

இன்று போனை எடுத்தார்.

தப்பு செய்துவிட்டேன் என்றேன். பெயரைப் போட்டது, பொய் சொன்னது, ஏன் என்று கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "தெரியும் சார்" என்றார்.

பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. உங்கள் மேசைக்கு நான் வரலாமா, ஆட மட்டும், ஒரு ஓரமாக, என்று கேட்டேன்.

"ஆறு பேருக்குத்தான் எடம் சார். ரெண்டு பேரு ஏற்கெனவே காத்துக்கினு இருக்காங்க. உங்க பேரையும் எழுதிக்கிறேன்."

"படிக்கட்டு இருக்குமா?" என்றேன். எதற்குக் கேட்டேன்? ஏதாவது ஒரு குறை அங்கேயும் இருந்துவிடாதா என்றுதான்.

"தரைலதான் சார். வாசல்ல சாய்வாப் போட்டிருக்கோம். ரெண்டு புள்ளைங்க சக்கர வண்டியில வருதுங்க." வைக்கும் முன், "தாள் அனுப்புறேன், நெரப்பி வெச்சிருங்க. எல்லாருக்கும் ஒரே தாள்தான்" என்றார்.

22 பிப்ரவரி, ஞாயிறு

வாட்ஸாப்பில் தாள் வந்தது. அடித்து மேசை மேல் வைத்திருக்கிறேன். குடி இல்லை, கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை. பெயர் எழுத ஒரு கோடு. அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: இந்த மேசையில் உங்களை எப்படி அழைக்கக் கூடாது?

மூன்று வருடம் உட்கார்ந்து எழுதினேன். இதை ஒரு நாளும் யாரிடமும் நான் கேட்டதில்லை.

பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.